காற்றைப் பார்த்துப் பேசுகிறவர்கள்

காலுக்கடியில் இரண்டாவது தலையணை வந்து சேர்ந்தபோது பக்கத்து அறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கிளச்சு மாஸ்டர் அதை உடனே கவனிக்கவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு போடும் வலி மாத்திரை அவரை ஒரு வழுக்கு மரத்தின் உச்சியில் உட்கார வைத்து மெதுவாகக் கீழே விடும். இறங்குகிற வழியில் சத்தங்கள் மட்டும் கூடவே வரும். மின்விசிறியின் முனகல், குளியலறைக் குழாயின் சொட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் மனைவியின் மெஷின் ஒரு ஓட்டம் ஓடி நிற்பது, கத்தரி நூலை வெட்டுவது, மறுபடி ஓட்டம். அந்தச் சத்தங்களுக்கு நடுவில் கூரையை நோக்கி, கண்ணைத் திறக்காமலே, அவர் சொல்லியிருந்தார்:

"காலு இன்னும் கொஞ்சம் உசரமா இருந்தா நல்லா இருக்கும். இந்த வீட்ல யாருக்கு அக்கறை."

கண்ணைத் திறந்தபோது கால் உயர்ந்திருந்தது. கெண்டைக்கால் மட்டும் தலையணையில் படிந்து, குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்க, ஆஸ்பத்திரியில் டாக்டர் வைத்துக் காட்டினாரே, அதே மாதிரி. உறை சில்லென்றிருந்தது. பல காலம் திறக்காத பெட்டியைத் திறந்தால் வருமே ஒரு வாடை, அது லேசாக மூக்கில் தட்டியது. நடுவில் மெஷின் நின்றதா, காலடிச் சத்தம் கேட்டதா என்று யோசித்தார். கேட்ட ஞாபகம் இல்லை. சுகமாக இருந்ததால் அதற்குமேல் யோசிக்கவில்லை. சுகமாக இருக்கும்போது யோசிக்கிற ஆள் இல்லை மாஸ்டர்.

அந்த வீட்டு நடைமுறையை இங்கே சொல்லியாக வேண்டும். தெருவில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரியாத மாதிரி இருப்பதுதான் மரியாதை என்று எல்லோரும் சும்மா இருக்கிறார்கள். மாஸ்டரும் அவர் மனைவியும் நேருக்கு நேர் பேசி வருஷக்கணக்காகிறது. ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசையாக மனைவியையும் ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்தார். சிக்னலில் வண்டி நின்றுபோயிற்று. பின்னால் ஹாரன் அடித்தார்கள். "கிளச்சு, கிளச்சு, அது கிளச்சு, உன் தையல் மெஷின்னு நெனச்சியா" என்று அவர் கத்தியது எதிர்வரிசைக் கடைகள் வரை கேட்டது. சிரித்தவர்களும் உண்டு. அந்த அம்மாள் கதவைத் திறந்து இறங்கினாள், சாத்தினாள், நடந்தே வீடு வந்து சேர்ந்தாள்.

அன்றிலிருந்து இருவரும் காற்றைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். "டீ ஆறிப்போனா என்னைக் கேக்கக் கூடாது" என்று அவள் ஜன்னலிடம் சொல்வாள். "சட்டைக்குப் பொத்தான் வச்சா கை ஒடிஞ்சுடாது" என்று அவர் அலமாரியிடம் சொல்வார். பொத்தான் தைக்கப்பட்டுவிடும், டீயும் குடிக்கப்பட்டுவிடும். குடும்பம் நன்றாகத்தான் ஓடியது. முதலில் யார் நேராக ஒரு வார்த்தை பேசுகிறார்களோ அவர் தோற்றவர். பிள்ளைகள் இல்லாத வீடு; நடுவில் நின்று சமாதானம் செய்யவும் ஆள் இல்லை.

கால் போன கதையும் வேடிக்கைதான், அடிபட்டவருக்கு மட்டும் இல்லை. மளிகைக்கடை முதலாளி ஒருவருக்கு ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். இடம் போதுமா என்று பார்க்க இறங்கி வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றார். முதலாளி பிரேக்கை மிதிப்பதாக நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்தார். இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகி, இப்போது உள்ளே ஒரு எஃகுக் கம்பியும் திருகாணிகளும். இடது கால், அதாவது கிளச்சு மிதிக்கிற கால். டிரைவிங் ஸ்கூல் ஓனர் ஆப்பிளோடு வந்து, "நிதானமா ஓய்வெடுங்க மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில், "சீட்ல ஒரு தம்பியப் போட்டிருக்கேன். நீங்க வந்து கிளச்சை மிதிச்சுக் காட்டினா சீட்டு உங்களுக்கு. இல்லேன்னா ஆபீஸ்ல ஃபோன் எடுங்களேன்" என்றார். மாஸ்டருக்கு அந்த ஆப்பிள் அன்றிலிருந்து கசந்தது. தன்னைக் கண்டதும் ஊரையே வண்டியின் வேகத்தைக் குறைக்க வைக்கிற ஒரு மனிதன், மூலையில் உட்கார்ந்து ஃபோன் எடுப்பதா. அந்தக் காலை ஊன்றி நின்றாக வேண்டும். அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

ஆனால் ஊன்றினால் வலித்தது. படுத்தால் சுகமாக இருந்தது.

அதுவும் நாளுக்கு நாள் சுகம் கூடிக்கொண்டே போனது. வெயில் முகத்தில் அடிக்கிறது என்று காற்றிடம் சொல்லித் திரும்பிப் படுத்தால், திரை இழுத்துவிடப்பட்டிருக்கும். தண்ணீர் எட்டவில்லை என்று முணுமுணுத்தால், டம்ளர் கைக்குப் பக்கத்தில், நிரம்பி, விளிம்பில் ஒரு சொட்டு தளும்ப நிற்கும். ஒரு மதியம் தையல் போட்ட இடம் அரிப்பெடுத்தது. கட்டுக்குள் விரல் விட முடியாது. மனைவியின் மர ஸ்கேலைத் தேடிக் கைக்கு எட்டாமல், "பாழாப்போன அரிப்பு" என்று பல்லைக் கடித்துக் கண்ணை மூடினார். அரைத் தூக்கத்தில், கட்டுக்கு உள்ளே, தோல்மேல், ஏதோ மெதுவாகச் சொறிந்துகொடுத்தது. சில்லென்றிருந்தது. நகம் இல்லாத விரல்போல இருந்தது. சரியாக அரிக்கிற இடத்தில், சரியான அழுத்தத்தில். அவர் குழந்தைபோல முனகினார். மாத்திரையின் வேலை என்று பிறகு நினைத்துக்கொண்டார்.

மற்றதெல்லாம் மனைவியின் வேலை என்று நினைத்தார். அடிபட்டுப் படுத்ததும் மனசு இளகிவிட்டது, வாய் மட்டும்தான் இளகவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. நன்றி சொல்லலாம்தான். ஆனால் நன்றி சொன்னால் அது நேராகப் பேசியதாகிவிடும்.

பிசியோதெரபிப் பெண்ணுக்கு அவர் வைத்த பெயர் திருகாணி. டாக்டர் உள்ளே வைத்த திருகாணிகளைவிட இவள் வெளியிலிருந்து திருகுவது அதிகம் என்பது அவர் கட்சி. முகம் நிறையச் சிரிப்பு, மணிக்கட்டு நிறைய பலம். அன்று மாலை வந்ததும் போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"அங்கிள், டாக்டர் கெண்டைக்காலுக்குத்தானே வைக்கச் சொன்னாரு, முட்டிக்கு அடியில யாரு தலையணை வச்சது?"

"எனக்கென்ன தெரியும்? வச்சவங்களக் கேளு."

"ஆன்ட்டி, நீங்களா வச்சீங்க?"

கதவருகே நின்றிருந்த மனைவி அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி, "அவர் பக்கமே நான் போறதில்லம்மா. அவர்கிட்டயே கேட்டுச் சொல்லு" என்றாள்.

"ரெண்டு பேரும் ஒரே ரூம்லதான் இருக்கீங்க, என்னை ஏன் போஸ்ட்மேன் ஆக்குறீங்க?" அவள் சிரித்துக்கொண்டே தலையணையை உருவி எறிந்தாள். "இது சுகமாத்தான் இருக்கும் அங்கிள். இப்படியே மடிச்சு வச்சிருந்தா முட்டி நீட்டவே வராது. அப்புறம் கிளச்சாவது, பிரேக்காவது. சுகம் கேட்டா காலு போயிடும், சொல்லிட்டேன்."

பிறகு நீட்டினாள். மாஸ்டரின் கண்ணில் பூச்சி பறந்தது. வாக்கரைப் பிடித்து எழுந்து நிற்க வைத்தாள். பாதத்தைத் தரையில் ஊன்றிய கணத்தில் கம்பி ஓடிய வழியெல்லாம் கொதிக்கும் எண்ணெய் ஏறியது. ஆனாலும் நின்றார். ஒரு மூச்சு விடுகிற நேரம், இரண்டு காலிலும் நின்றார். "பாத்தீங்களா, அடுத்த மாசம் நீங்க என்னைத் திட்டி வண்டி ஓட்டச் சொல்லித் தரப் போறீங்க" என்றாள் அவள்.

அவள் பையை எடுத்துக்கொண்டு நகர்ந்ததும், வேர்வையில் நனைந்து படுக்கையில் விழுந்தவர், கூரையைப் பார்த்துச் சொன்னார்:

"இந்தக் கை இனிமே என் மேல படாம இருந்தா அதுவே போதும்."

கோபத்தில் சொல்வதுதான். யாரும் சொல்வதுதான்.

மாடிப்படியில் சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. காய்ந்த குச்சியை யாரோ நிதானமாக ஒடித்தது போல. இன்னொன்று. அதன் பிறகுதான் அலறல். மனைவி ஓடினாள், கீழ்வீட்டுக்காரர்கள் ஓடினார்கள், ஆட்டோ வந்தது, போனது. வெகு நேரம் கழித்து மனைவி திரும்பிவந்து, வாசற்படியில் நின்று, செருப்பைக் கழற்றாமல், யாரையும் பாராமல் சொன்னாள்:

"விழவே இல்லையாம். படியில நின்னுட்டு இருக்கும்போதே ரெண்டு கையையும் யாரோ பிடிச்சுத் திருகின மாதிரி இருந்துச்சாம். பைத்தியம் மாதிரி அதையே சொல்லிச் சொல்லி அழுவுது. ரெண்டு மணிக்கட்டும் போச்சு."

மாஸ்டர் முழங்காலுக்கு அடியில் எதையோ உணர்ந்து போர்வையைத் தூக்கிப் பார்த்தார். திருகாணி உருவி எறிந்த தலையணை, பழைய இடத்தில், தட்டி உப்பவைக்கப்பட்டு, இருந்தது.

மனைவிதான் வைத்திருப்பாள், ஓடுகிற அவசரத்தில். அப்படித்தான் இருக்க வேண்டும். வேறு எப்படி இருக்க முடியும்?

மறுநாள் வானம் மூடிக்கொண்டு மதியமே சாயங்காலம் மாதிரி இருட்டியது. காற்று இல்லை. அந்தப் பழைய பெட்டி வாடை இப்போது தலையணையில் மட்டும் இல்லை, அறை முழுக்க நின்றது. மூச்சை இழுத்தால் நாக்கின் அடிவரை இறங்கியது. மாஸ்டர் தலையணைகளுக்கு நடுவில், பஞ்சில் பொதிந்த கண்ணாடிச் சாமான்போலக் கிடந்தார். முதுகுக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று, இரண்டு பக்கமும் புரளாதபடிக்கு இரண்டு. எழுந்து வாக்கரைப் பிடித்துப் பார்க்கலாம் என்று காலையிலிருந்து நினைத்தார். வாக்கர் எங்கே என்று பார்த்தால், அறையின் எதிர்மூலையில், சுவரைப் பார்த்தபடி நின்றது. நேற்று கட்டிலை ஒட்டித்தானே இருந்தது.

டீயோடு வந்த மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். தலையணைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு காலண்டரிடம் சொன்னாள்:

"அலமாரி உச்சியில கட்டி வச்ச தலையணையெல்லாம் எம்பி எடுக்கத் தெரியுது சில பேருக்கு. பாத்ரூம் போக மட்டும் ஆள் வேணும். என்ன நடிப்புடா சாமி."

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. நேற்றுதான் செத்துப் பிழைத்து நின்றிருக்கிறார், அதற்கு இந்தப் பேச்சா. யோசிக்காமல், பழக்கத்தில், கூரையைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்:

"இந்த வாய் மட்டும் இனிமே தொறக்காம இருந்தா, மனுஷன் நிம்மதியாப் படுத்திருப்பான்."

அவள் டீயை ஸ்டூலில் டக்கென்று வைத்துவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் மெஷின் ஓட ஆரம்பித்தது.

ஜெயித்த திருப்தியில் டீயை எடுத்து ஒரு வாய் குடித்தபோதுதான் அவள் சொன்னது மெல்ல உள்ளே இறங்கியது. அலமாரி உச்சி. எம்பி எடுக்க. அவர் எங்கே எம்பினார்? கட்டிலைவிட்டுக் கால் இறக்கவே இன்னொரு ஆள் வேண்டும். நான் எடுக்கவில்லை என்றால் அவள்தானே எடுத்திருக்க வேண்டும். அவளோ நான் எடுத்தேன் என்கிறாள். திருகாணி கேட்டபோதும் அதைத்தானே சொன்னாள், அவர் பக்கமே போவதில்லை என்று. திரையை இழுத்தது? தண்ணீர் வைத்தது? கட்டுக்குள்ளே விரல் விட்டு, அந்தச் சில்லென்ற விரலை விட்டு...

டீயை ஸ்டூலில் திரும்ப வைத்தார்.

காற்றிடம் பேசினோம். வருஷக்கணக்காக, இரண்டு பேரும், இந்த வீட்டில், தினமும், காற்றிடம். இத்தனை காலம் கேட்டுக்கொண்டிருந்த ஒன்று, இப்போது, கிடையாய்க் கிடக்கிற ஒரு மனிதனுக்கு உபகாரம் செய்யத் தொடங்கியிருக்கிறது.

இந்தக் கை இனிமே படாம இருந்தா. நேற்று அப்படித்தான் சொன்னார்.

இன்று என்ன சொன்னார்?

"இல்ல," என்றார் அவசரமாக, கூரையைப் பார்த்து. "அது சும்மா சொன்னது. அதெல்லாம் ஒண்ணும் வேணாம்." சொல்லிவிட்டு யாரிடம் சொல்கிறோம் என்று நினைத்ததும் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். மின்விசிறி சுற்றியது. திரையின் கீழ்மடிப்பு, காற்றே இல்லாமல், ஒரு முறை அசைந்து நின்றது.

சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிறது, அப்படியென்றால் அவள் இருக்கிறாள். அவர் அந்தச் சத்தத்தைக் கையால் பிடித்துக்கொள்வதுபோலக் கேட்டார். ஓடியது. இன்னும் ஓடியது. கத்தரிச் சத்தம் வரவில்லை. நிற்கவில்லை. இவ்வளவு நீளத் துணி உலகத்தில் கிடையாது.

கூப்பிட வேண்டும். நேராக. காற்றிடம் இல்லை, அவளிடம். என்ன சொல்லிக் கூப்பிடுவது? முன்பெல்லாம் என்ன சொல்லிக் கூப்பிட்டோம்? நாக்கு அந்த வார்த்தையைத் தேடி வாயெல்லாம் துழாவியது.

"ஏம்மா," என்றார். குரல் கிழிந்து வந்தது. "ஏம்மா, உன்னைத்தான். இங்க வா."

மெஷின் ஓடியது.

பக்கத்துத் தலையணையைத் தள்ளினார். கனத்தது. பஞ்சுக்கு இந்தக் கனம் கிடையாது. முழங்கையால் நெம்பினார், உருண்டார், இடது காலை இரண்டு கையாலும் தூக்கி விளிம்புக்குக் கொண்டுவந்தார். வலித்தது. சொல்லக் கூடாது. வலிக்கிறது என்று சொல்லவே கூடாது. வேட்டி நுனியை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டார். தரையில் விழுந்தார். எலும்புக்குள் கம்பி அதிர்ந்தது. கத்தவில்லை.

தவழ்ந்தார். தரை சில்லென்றிருந்தது. பின்னால் கட்டிலில், தலையணையை யாரோ தட்டிச் சரிசெய்கிற சத்தம். திரும்பவில்லை. வாசற்படி. நடை. ஊரையே கிளச்சு மிதிக்க வைத்தவர், நடையின் ஈரத்தில் வயிற்றால் நகர்ந்தார். வாடை கூடவே வந்தது. தலைக்குமேல். குனிந்து பார்த்துக்கொண்டே வருவதுபோல.

தையலறைக் கதவு பாதி திறந்திருந்தது. நிலையைப் பிடித்தார். எழுந்தார். வலது காலில். பிறகு இடது காலையும் ஊன்றினார். கொதித்தது. நின்றார்.

"ஏம்மா."

அவள் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். முதுகு நேராக. கைகள் இரண்டும் மடியில், ஒன்றன்மேல் ஒன்றாக, யாரோ எடுத்து வைத்தது போல. பெடலில் அவள் கால் இல்லை. ஊசி வெறுமனே ஏறி இறங்கியது. துணி இல்லை.

மெதுவாகத் திரும்பினாள். இல்லை. திருப்பப்பட்டாள்.

உதடுகள் இருந்த இடத்தில் நீல நூல். பொடித் தையல். ஒரே அளவு. ஒரு பிசிறு இல்லை. நுனியில் முடிச்சுப் போட்டு, சுத்தமாக வெட்டியிருந்தது. அவளே தைத்தால்கூட அவ்வளவு நேர்த்தி வராது. கண்கள் திறந்திருந்தன. உயிரோடு, அவரையே பார்த்தன.

வேட்டி நுனி வாயிலிருந்து நழுவியது. பின்வாங்கினார். முழு கனமும் இடது காலில் இறங்கியது. உள்ளே ஏதோ முறிந்தது. அவர் நினைத்துச் சொல்லவில்லை. அதுவாக வந்தது.

"ஐயோ. இந்தக் காலு இல்லாமலே இருந்திருக்கலாம்."

மெஷின் நின்றது.

வலியும் நின்றது. குறையவில்லை, நின்றது. அடிபட்ட நாளிலிருந்து அவர் அறியாத ஒரு லேசு இடுப்புக்குக் கீழே பரவியது. தரையில் உட்கார்ந்திருந்தார். எப்போது உட்கார்ந்தார் என்று தெரியவில்லை. குனிந்து பார்க்கப் பயமாக இருந்தது. மனைவியின் கண்கள் இப்போது அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலே, நடையைத் தாண்டி, அவருடைய அறையைப் பார்த்தன. பார்த்து, விரிந்தன.

திரும்பினார்.

அறையில் விளக்கு போடப்பட்டிருந்தது. கட்டிலில், தலையணைமேல், அவருடைய இடது கால் இருந்தது. கெண்டைக்கால் படிந்து, குதிகால் அந்தரத்தில், விரல்கள் கூரையைப் பார்க்க. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. போர்வை தானாக அதன்மேல் ஏறியது, சுருக்கமில்லாமல், ஓரங்கள் ஒவ்வொன்றாக உள்ளே செருகப்பட்டன, பாதம் மட்டும் வெளியே விடப்பட்டது. பிறகு அதன் பெருவிரல் லேசாக வளைந்தது. நீண்டது. அடுத்த விரல். அதற்கடுத்தது. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து, பொறுமையாக, விரல் விரலாகப் பிடித்துவிடுகிறார்கள்.

இங்கே, தையலறை வாசலில், அது அவருக்கு மிகவும் இதமாக இருந்தது.